ஒன்றரை மீட்டருக்குள் நின்றவனுக்கு

நீ பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த ஐம்பது எம்.எம். லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. இன்று மத்தியானம் அம்பத்தூரில் கேமரா பழுது பார்ப்பவர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே சிலந்தி வலை மாதிரி ஓடியிருப்பதைக் காட்டினார். உபயோகித்துக் கெடுத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாராம். உபயோகிக்காமலே கெடுத்தவர்களில் நான் கொஞ்சம் உயர்ந்த ரகமாம். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு, லென்ஸின் மூடியைத் தேடிப் பையின் பக்கவாட்டு அறையைத் திறந்தேன். குப்பென்று வாடை அடித்தது. குளோரின், ஈரத் துண்டு, அதற்கும் அடியில் இஞ்சி மரப்பா. அங்கே நீ போட்டு வைத்தது. இரண்டு வருடமாக உருகி, காகிதத்தோடு ஒட்டி, கல்லாகிக் கிடக்கிறது.

இந்த இரண்டு வருடமும் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் துக்கம் இல்லை. கோபம். பாதி உன்மேல், மீதிப் பாதிக்கு ஆள் நான்தான். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படம் எடுத்த ஒரு நாளில், காலையிலிருந்து இருட்டும் வரை என் பக்கத்திலேயே நின்ற உன் முகத்தை ஒரே ஒரு தடவை எடுக்க எனக்குத் துப்பில்லாமல் போனது. அந்த நாள் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இது.

நம் ரயிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆவடியில் ஏறியதும் பக்கத்து சீட்டில் என் கைக்குட்டையை விரித்து உனக்கு இடம் பிடிப்பேன். அண்ணனூரில் நீ தலையைக் குனிந்துகொண்டு ஏறுவாய். ஆறடி இரண்டங்குலத்துக்கு வேறு வழியில்லை. அங்கிருந்து அம்பத்தூர் வரைக்கும் கிடைக்கும் பத்து நிமிடத்தில் கம்பெனியில் இருக்கும் அத்தனை பேர் வண்டவாளத்தையும் பேசி முடித்துவிடுவோம். நீ இன்ஸ்பெக்‌ஷன், நான் ஸ்டோர்ஸ். முடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் தூக்கி ஓரமாக வைக்கிறவன் நீ. வைத்த இடத்தை மறந்துவிட்டு மறுபடி ஆர்டர் போடுகிறவன் நான். இருபது வருடம் இப்படித்தான் போனது.

அந்தக் கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து ஊட்டி போவதாகப் பேச்சு. ஊட்டி சுருங்கி ஏற்காடு ஆனது. ஏற்காட்டுக்கு என் மச்சினன் குடும்பமும் வருகிறது என்று தெரிந்ததும், அது இன்னும் சுருங்கி, பூந்தமல்லி தாண்டி இருக்கும் தீம் பார்க்கில் வந்து நின்றது. கோவில்பதாகையில் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அதற்கு நான் செய்த ஆயத்தத்தைப் பார்த்தவர்கள் ஆள் இமயமலை ஏறப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

தீபாவளிக்கு வாங்கிய கேமரா அப்போது புதுசு. அதோடு ஒரு சின்ன லென்ஸ் வந்திருந்தது. வந்ததை வைத்துக்கொண்டு எடுப்பவன் சாமானியன். நான் யூடியூபில் நாற்பது நாள் படித்தவன். தீம் பார்க்குக்கு எந்த லென்ஸ் என்று நாற்பது நாளும் ரயிலில் உன் காதைத் தின்றேன். எல்லாரும் ராட்டினத்தில் ஐம்பது அடி உயரத்தில் இருப்பார்கள், அங்கே போய் எடுக்க முடியாது, ஆகவே பெரிய ஜூம்தான் வேண்டும் என்பது என் கட்சி. நீ கேட்டுக்கொண்டே வந்தாய். திருமுல்லைவாயில் தாண்டும்போது சொன்னாய்:

"மேல கீறவன் கத்திகினுதான் இருப்பான் நைனா. அத்த எட்த்து இன்னா பண்ணப் போற? கீழ எறங்கி வருவான் பாரு, சிரிச்சிகினே. அப்போ கிட்ட போயி எடு."

கலை தெரியாதவன் பேச்சு என்று தள்ளிவிட்டேன். நீ விடவில்லை. ஒரு சனிக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி.யில் உனக்குத் தெரிந்தவர் ஒருவர் பழைய லென்ஸ் விற்கிறார் என்று இழுத்துக்கொண்டு போனாய். அவர் மேஜையில் பரப்பி வைத்ததில், கட்டை விரல் உயரமே இருந்த அந்த ஐம்பதை எடுத்தாய். கேமராவில் மாட்டிப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பிக் கண்ணில் வைத்து, பூதக்கண்ணாடி மாதிரி உன் உள்ளங்கை ரேகையைப் பார்த்தாய். அப்புறம் அதன் வாயைத் தடவி, "திரெட்டு சுத்தமா வெட்டிக்கிறான். இதான்" என்றாய். லென்ஸை மரையைப் பார்த்து வாங்கியவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று அடுத்த வாரம் முழுக்க ஸ்டோர்ஸில் சொல்லிச் சிரித்தேன். வாங்கி வைத்தேன், வைத்தேன் அவ்வளவுதான். பயணத்துக்கு முதல் நாள் எங்கள் மாடி வீட்டு ஐ.டி. தம்பியிடம் போய், முழங்கை நீளத்துக்கு இருந்த ஒரு ஜூமை இரவல் கேட்டு வாங்கி வந்தேன்.

வேனில் அதைப் பார்த்ததும் நீ சொன்னது என் மகளுக்கு இன்னும் மனப்பாடம்: "ஆவடில டாங்கி செய்றாங்கன்னு தெரியும். பீரங்கிய உங்கப்பன் ஊட்டாண்டயே செய்றான்னு இப்பத்தான் தெரியுது."

பூங்கா வாசலில் நான் இரண்டு சட்டம் போட்டேன். ஒன்று, கேமராக்காரன் கூடவே வரும்போது செல்போனுக்கு வேலையில்லை, எல்லாம் லாக்கரில். இரண்டு, தூசியும் தண்ணீர்ச் சாரலும் இருக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே காலையில் மாட்டியதை வீட்டுக்குப் போய்த்தான் கழற்றுவேன். மற்ற இரண்டு லென்ஸும் இருந்த பையை நீ வாங்கி உன் தோளில் போட்டுக்கொண்டாய். உன் உயரத்துக்குப் பட்டை எட்டவில்லை. கடைசி வரை இழுத்துவிட்டு, சரியாக இடுப்பில் உட்காருகிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாய். பிறகு ஒரு மரப்பாவை வாயில் போட்டு, மிச்சத்தைப் பக்கவாட்டு அறையில் வைத்தாய். வாயு என்றாய். காலையிலிருந்தே நெஞ்சில் நிற்கிறது என்றாய். எனக்கும் அப்படித்தான், நேற்றுச் சாப்பிட்ட பரோட்டா என்றேன்.

நீ எதிலும் ஏறவில்லை. ஆடும் கப்பலுக்குத் தலை சுற்றும் என்றாய், ராட்டினத்துக்கு இடுப்பு வலி என்றாய். உன் வீட்டுக்காரியும் உன் மகனும், என் வீட்டுக்காரியும் என் மகளும் மாறி மாறி மேலே போய்க் கத்திவிட்டு வந்தார்கள். நான் கீழே நின்று பீரங்கியைத் தூக்கிக் குறி பார்த்தேன். நீ என் வலது தோளை உரசிக்கொண்டு, பையோடு நின்றாய். ஒட்டகச்சிவிங்கியும் அதன் பாகனும் என்று என் மகள் சொன்னாள்.

கப்பலுக்கு எதிரில்தான் முதல் தடவை கேட்டாய். "அப்டியே என்னையும் ஒண்ணு தட்டு நைனா."

நான் திரும்பிக் கேமராவை வைத்தேன். அது உறுமியது, தவித்தது, எதையும் பிடிக்கவில்லை. ஒன்றரை மீட்டருக்குள் இருப்பதை இந்த லென்ஸுக்குப் பார்க்கத் தெரியாது, தள்ளிப் போ என்றேன். நீ தரையைப் பார்த்து, ஒரு எட்டு, அரை எட்டு வைத்து, "இதான் ஒண்ணரை" என்று நின்றாய். உன் அளவு என்றைக்குத் தப்பியது? லென்ஸ் பிடித்தது. ஆனால் கேமராவின் கட்டத்துக்குள் உன் மூக்கும் மீசையும் மட்டும்தான் இருந்தன. இன்னும் தள்ள உனக்குப் பின்னால் வரிசைக் கம்பி. பக்கவாட்டில் கூட்டம். மூக்கை எடுத்து என்ன செய்வது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினேன். நீயும் சிரித்தாய்.

அந்த மூக்கையாவது எடுத்திருக்கலாம்.

இரண்டாம் தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம், பையில் சின்னது ஒன்று இருக்கிறதே, அதை மாட்டக் கூடாதா என்று கேட்டாய். சட்டத்தை நினைவுபடுத்தினேன். தூசியைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். உன் தோளில் தொங்கிய பைக்குள் உன் ஐம்பது, மூடிகூடத் திறக்கப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை, வெளியே வரும்போது. வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். அது பொய். கொஞ்சம் இருந்தது. எனக்குக் கை வலித்தது.

"பரவால்ல, ஊட்டாண்ட போயி எட்த்துக்கலாம்" என்றாய். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை.

வீட்டில் வந்து பார்த்தால், நீ ரயிலில் சொன்னது அப்படியே பலித்திருந்தது. படத்துக்குப் படம் உள்நாக்கு. நம் இரண்டு குடும்பத்தின் பல் வரிசையையும் தொண்டையையும் ஒரு டாக்டருக்கு அனுப்பினால் வைத்தியமே பார்த்துவிடலாம். எனக்கு வேறொரு எரிச்சலும் இருந்தது. இறங்கி வருகிற இடத்தில் தப்பித்தவறி வாயை மூடியிருந்த படங்களில்கூட ஒருத்தரும் கேமராவைப் பார்க்கவில்லை. ஒழுங்காக நிற்கத் தெரியாத ஜென்மங்கள் என்று என் வீட்டுக்காரியிடம் சண்டை போட்டேன்.

தோல்வியை நான் வழக்கமாக எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேனோ அங்கேயே கொட்டினேன். எங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் 'பீரங்கியோடு ஒரு நாள்' என்று ஒரு கட்டுரை. அதில் நீதான் கோமாளி. பை சுமக்கும் ஒட்டகம் என்று எழுதினேன். மரப்பா மென்றதை அசை போட்டது என்று எழுதினேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. போய் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தாய். உன்னுடையது பட்டன் போன். யாரோ அனுப்பியதை உன் மகன் படித்துக் காட்டியிருக்கிறான்.

"எழுத்துல என்ன நல்லா எட்த்துக்கிற நைனா. சிரிச்சி சிரிச்சி நெஞ்சே வலிக்குது. போட்டோ எப்போ?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், ஐம்பதோடு வருகிறேன் என்றேன். சத்தியமாக வருவதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அண்ணனூரில் நீ ஏறவில்லை. கைக்குட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர் இடம் கேட்டார். ஆள் வருகிறார் என்றேன். வண்டி கிளம்பிய பிறகும் அதையே சொன்னேன். எந்த ஆள், எந்த ஸ்டேஷனில் என்று அவர் கேட்டார், நான் முறைத்தேன். அந்த நேரத்தில் உன்னை உன் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

இனி நீ பார்க்காதது. 

மத்தியானம் உன் மகன் என்னை ஓரமாக அழைத்து, பேனருக்கு அப்பா போட்டோ வேண்டும் அங்கிள், தீம் பார்க்கில் எடுத்தீர்களே என்றான். வீட்டுக்கு ஓடினேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நீ இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும், கலங்கலாக, ஒரு தோளும் பையின் பட்டையும். உன் வீட்டிலும் இல்லை. எந்த விசேஷத்திலும் நீ பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவன். உன் மகன் போனில் முழுக்க உன் மகன். கடைசியில் கம்பெனி அடையாள அட்டையில் இருந்த, பதினைந்து வருடத்துக்கு முந்தைய தபால்தலை முகத்தைப் பெரிதாக்கினார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். உனக்கு நீல நிறத்தில் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். கழுத்துக்கு மேலே மங்கலாக நீ; கழுத்துக்குக் கீழே பளிச்சென்று யாரோ. உன் தெருமுனையில் பத்தடி உயரத்துக்கு அந்த ஆள் நின்றான். வாழ்நாளில் ஒரு தரம்கூட கோட்டுப் போடாதவனை அப்படி அனுப்பி வைத்தோம். பந்தலில் இரண்டு பேர் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இவர்தான் ஆயிரம் போட்டோ எடுத்தவராம், கூடவே நின்ன ஆளை எடுக்கலையாம். வம்பு பேசுவதில் நானே பெரிய கை. ஆனால் இவ்வளவு சுருக்கமாக, ஒரு வார்த்தை மிகையில்லாமல், நான் பேசியதில்லை.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரி சொன்னதும் சுருக்கம்தான். நெஞ்சு விஷயம் உனக்கு இரண்டு மாதமாகத் தெரியுமாம். ஆபரேஷன் சொல்லியிருந்தார்களாம். மகன் காலேஜில் சேரட்டும் என்று தள்ளிப் போட்டாயாம். அவளிடமே அரைகுறையாகத்தான் சொன்னாயாம். "நைனாகிட்ட நல்ல கேமரா கீது, நல்லதா ஒண்ணு எட்த்துக்கறேன்னு சொல்லித்தான் அந்தச் சட்டைய வாங்கினாரு அண்ணா. எங்கள எல்லாம் எட்த்தீங்க. அவர விட்டுட்டீங்களே."

மாம்பழ நிறத்தில் முழுக்கைச் சட்டை. மடிப்புக் கலையாமல் போட்டு வந்திருந்தாய். நாள் முழுக்க என் தோளை உரசிய சட்டை. நன்றாயிருக்கிறது என்றுகூட நான் சொல்லவில்லை.

உன்மேல் உள்ள கோபத்தை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மைக்ரான் கணக்கில் பேசுகிறவன், இதை மட்டும் ஏன் பரோட்டாவோடு சேர்த்து வாயு என்றாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த லென்ஸைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்துவிட்டு உன்னை எடுத்திருப்பேன். சொன்னால் எடுத்திருப்பேன் என்பதுதான் அசிங்கம். சொல்லாமல் கேட்டதற்கு எடுக்கவில்லை, பார்.

ஒரு வருடம் அந்தப் படங்களைத் திறக்கவில்லை. உன் முதல் வருடத் திதிக்கு முந்தின வாரம் திறந்தேன். அப்போதுதான் கண்டுபிடித்தேன். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை என்று சண்டை போட்டேனே, அவர்கள் கண்டபடி பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். கேமராவுக்கு ஒரு முழம் வலது பக்கம், கொஞ்சம் உயரத்தில். ராட்டினத்திலிருந்து இறங்கும் உன் வீட்டுக்காரி, ஈரத் தலையோடு உன் மகன், என் மகள், ஏன், என்னைக் கட்டிக்கொண்டவளும்தான். நீ கை காட்டியிருப்பாய். ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பாய். படத்துக்குப் படம் ஒரு முழம் தள்ளி நீ நின்றுகொண்டிருந்தாய்.

எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. எழுதுகிறவன் புத்தி எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். அதில் நல்லதாக ஒன்றை, உன் வீட்டுக்காரி ராட்டினத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தை, பெரிதாகப் போட்டு, உறையில் வைத்து, திதியன்று அண்ணனூருக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினேன். இதோ பாரும்மா, நீ பாக்குறது கேமராவை இல்ல, அவனைத்தான். அவன் இங்க நிக்கிறான். எல்லாப் படத்துலயும் நிக்கிறான். நல்ல கட்டுரை ஒன்றின் கடைசி வரி மாதிரி இருந்தது.

அவள் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உறைக்குள் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"நா பாத்தது எனக்குத் தெரியும் அண்ணா. இனிமேட்டு பாக்கறதுக்குத்தான் அவரு போட்டோவ கேட்டேன்."

காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அங்கே போகவில்லை. உன் கூடத்தில் இன்னும் அந்தக் கோட்டுப் போட்டவன்தான் மாலையோடு இருக்கிறான்.

அன்றிலிருந்து யூடியூபில் பீரங்கி லென்ஸ் வீடியோக்கள் பார்ப்பதில்லை. கேமராவும் அலமாரியிலேயே கிடந்தது. அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பதால் இன்று அதைப் பழுது பார்க்க எடுத்துப் போனேன். போன இடத்தில்தான் உன் ஐம்பதின் கதி தெரிந்தது. பிரித்துத் துடைத்தால் பூஞ்சை போகும், ஆனால் கண்ணாடியில் ரேகை நிற்கும், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் முகம் கொஞ்சம் புகையாக விழும் என்றார் அவர். புதுசு வாங்கிவிடுங்கள் என்று ஆலோசனையும் சொன்னார். முகம் புகையாக விழுந்தாலும் விழட்டும், துடைத்துக் கொடுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, லென்ஸை அவரிடமே விட்டு வந்தேன். நிச்சயதார்த்தத்தில் யார் பந்தியில் வாளியோடு நிற்கிறார்கள், யார் யாருடைய பையை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள் என்று பார்த்துப் பக்கத்தில் போய் எடுக்கப் போகிறேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கிறுக்கன் என்று நினைப்பார்கள். அவர்களுக்கு இப்போதைக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, ஆனால் எப்படியும் தெரியத்தானே போகிறது.

பையை நான்தான் மாட்டிக்கொண்டு திரும்பினேன். நீ இழுத்துவிட்ட பட்டை இன்னும் அதே கடைசி அளவில்தான் இருக்கிறது. உனக்கு இடுப்பில் உட்கார்ந்த பை எனக்கு முழங்காலுக்குத் தொங்குகிறது. வீட்டில் கேட்கிறார்கள், ஒரு கொக்கியைத் தள்ளினால் சுருங்கிவிடுமே, இது என்ன வேஷம் என்று. அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போது படிக்கு ஒரு தடவை முட்டியில் வந்து இடித்தது. பின்னால் வந்த ஒருவர் பரிதாபப்பட்டு, பட்டையைச் சுருக்கிக்கோங்க சார் என்றார்.

இது என் அளவு இல்லை என்று சொல்லிவிட்டு, இடிபட்டுக்கொண்டே ஏறினேன்.